மர டிராம் கிட்: பாடிக்கு முன்னாடி சக்கரத்த ஓட்டிப் பாருங்க

மர டிராம் கிட் வாங்கி அதுல மோட்டார் போட்டு ஓட்டணும்னு ஆசப்படுறவங்களுக்கு மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், கூட வர்ற புக்லெட்ட ஒண்ணாம் நம்பர்லேர்ந்து அப்படியே ஃபாலோ பண்ணாதீங்க. ஷோகேஸ்ல வெக்க மட்டும்னா பண்ணலாம், தப்பே இல்ல. ஓட்டணும்னா வரிசை தலைகீழா இருக்கணும். என்னோட மொத டிராம்ல தரை ஒட்டி, சைடு ஒட்டி, சீட்டெல்லாம் அழகா வரிசையா ஒட்டி, கூரைக்கு பட்டி கூட பாத்துட்டேன், அப்புறம் மோட்டார கையில எடுத்து எங்கடா வெக்கிறதுனு பாத்தா இடமே இல்ல. பிளேடு போட்டு சீட்ட பேத்து, தரைய அறுத்து, அந்த பாவத்த இப்ப நெனச்சாலும் கடுப்பா இருக்கு. ரெண்டாவது தடவ பண்ணது போர்ச்சுகல்ல இருக்குற லிஸ்பன் டிராம், 28ஆம் நம்பர் ரூட்ல ஓடுற அந்த மஞ்ச டிராம். அத வெச்சே சொல்றேன், வேற ஊர் டிராம் கிட்டா இருந்தாலும் ரெண்டு அச்சு வண்டினா இதே கததான்.

ஏன் லிஸ்பன்னா, அது சின்ன வண்டி, நாலே சக்கரம், போகி கீகி (சக்கரங்களோட தனியா திரும்புற அடிவண்டி) எதுவும் கெடையாது, மொத தடவ மோட்டார் போடுறவங்களுக்கு அத விட சுலபமா ஒண்ணு கெடைக்காது. அங்க 1901லேர்ந்து கரன்ட்ல டிராம் ஓடுது, நீங்க வீடியோல பாக்குற பழைய வண்டியெல்லாம் பாடி 1930கள்ல கட்டுனது, உள்ள இருக்குற மோட்டார், பிரேக், எலக்ட்ரிக்கல் எல்லாம் 1990கள்ல மாத்துனது. அதாவது அவங்களும் பழைய மரப்பெட்டிக்குள்ள புது மெஷின வெச்சுதான் ஓட்டுறாங்க, நாம பண்ணப் போறதும் அதேதான். (மெட்ராஸ்லயும் 1895லேர்ந்து 1953 வரைக்கும் டிராம் ஓடுச்சு, எங்க பாட்டி மௌண்ட் ரோட்ட தாண்டும்போதெல்லாம் இங்கதான் டிராம் போகும்னு கைய காட்டும், அந்த ஆசைலதான் இந்த கிறுக்கே புடிச்சுது.)

ஸ்கேல் 1:24. நிஜ வண்டி எட்டு மீட்டருக்கு சொச்சம், மாடல் ஒரு அடிக்கு கொஞ்சம் மேல வரும். தண்டவாளம் 45 மில்லி, கார்டன் ரயில்காரங்க போடுற ஜி ஸ்கேல் தண்டவாளம். இதுல ஒரு குட்டி உறுத்தல் இருக்கு, லிஸ்பன்ல தண்டவாள அகலம் 900 மில்லி, அத 24ஆல வகுத்தா 37.5 மில்லிதான் வரணும், நாம 45ல ஓட்டுறோம், அதாவது வண்டி கொஞ்சம் கால அகட்டி நிக்கும். 1:20ல கட்டுனா கரெக்டா 45 வந்திருக்கும். அத நெனச்சு தூக்கத்த கெடுத்துக்காதீங்க, சைடுல பாக்கும்போது யாருக்கும் தெரியாது, தண்டவாளம் சுலபமா கெடைக்குதுங்குறதுதான் முக்கியம்.

இப்ப மோட்டார். கடையில கேட்டா மஞ்ச கலர் பிஓ மோட்டார்தான் மொதல்ல எடுத்து குடுப்பாங்க, ரோபோ காருக்கெல்லாம் போடுறது, அது வேணாம், நீளமா இருக்கும், ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல நுழையவே நுழையாது. என்20 கியர் மோட்டார் வாங்குங்க. 12 மில்லி அகலம், 10 மில்லி உயரம், ஷாஃப்டோட சேத்து 36 மில்லி கிட்ட நீளம். 45 மில்லி தண்டவாளத்துல ரெண்டு சக்கரத்தோட உள்பக்கத்துக்கு நடுவுல 40 மில்லி கிட்ட இடம் இருக்கும், அதுக்குள்ள மோட்டார் அச்சுக்கு இணையா படுத்துக்கும், அழகா.

எத்தன ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) வாங்கணும்ங்குறதுலதான் நெறைய பேரு கோட்ட விடுறாங்க. 500, 1000னு வாங்கிட்டு டிராம் பந்தயக்கார் மாதிரி பாய்றத பாத்து சலிச்சு போயிடுவாங்க. கணக்கு ரொம்ப சிம்பிள். சந்து பொந்துல டிராம் 15 கிலோமீட்டர் வேகத்துல போகுதுனு வெச்சுக்கோங்க, அது நொடிக்கு 4.17 மீட்டர், 24ஆல வகுத்தா நொடிக்கு 17 சென்டிமீட்டர். சக்கரம் 31 மில்லி விட்டம்னா சுத்தளவு 97 மில்லி. அப்ப நொடிக்கு 1.8 சுத்து, நிமிஷத்துக்கு 107 சுத்து. அவ்ளோதான், 100 கிட்ட இருந்தா போதும். நான் 6 வோல்ட்ல 150 ஆர்பிஎம்னு போட்டிருக்குறத வாங்கி ஒரே ஒரு 18650 செல்லுல (ரீசார்ஜ் பண்ற லித்தியம் செல்) ஓட்டுறேன், 3.7 வோல்ட்ல அது 90 சொச்சம்தான் சுத்தும், வண்டி ஸ்கேலுக்கு 13 கிலோமீட்டர் வேகத்துல ஆடி அசஞ்சு போகும். பாக்க அதுதான் நல்லாருக்கு.

மோட்டார்லேர்ந்து அச்சுக்கு ஒரே சைஸ் கியர் ரெண்டு, 0.5 மாட்யூல் (பல்லோட சைஸ்), 20 பல்லு, 3 மில்லி ஓட்ட. ரெண்டு ஷாஃப்டுக்கும் நடுவுல சரியா 10 மில்லி இருக்கணும். நான் ஒரு விசிட்டிங் கார்டு ஓரத்துலேர்ந்து சின்ன துண்ட கிழிச்சு ரெண்டு கியருக்கும் நடுவுல சொருகி, மோட்டார அழுத்தி புடிச்சு ஸ்க்ரூவ டைட் பண்ணிட்டு, அப்புறம் அத உருவிடுவேன், அந்த காகித கனம் இடைவெளிதான் பல்லு இறுகாம சுத்த வேண்டிய இடைவெளி. மோட்டார ஒட்டாதீங்க, பிராக்கெட் போட்டு ஸ்க்ரூல புடிங்க, என்னைக்காவது அது சாகும், மாத்தணும்.

இப்ப சேசிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம், இங்க மட்டும் பொறுமையா இருங்க, மத்ததெல்லாம் சமாளிச்சுக்கலாம். நல்ல 4 மில்லி பிளைவுட்ல ரெண்டு சைடு ஃபிரேம் அறுத்துக்கோங்க, ரெண்டையும் டபுள் டேப் போட்டு ஒண்ணா ஒட்டி, ரெண்டுலயும் சேத்து ஒரே தடவையில ஓட்ட போடுங்க. தனித்தனியா அளந்து போட்டா அர மில்லியாவது தப்பும், அர மில்லி தப்புனாலே அச்சு கோணலாகி வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போய் தடம் புரளும். அச்சு 3 மில்லி ஸ்டீல் கம்பி, அதுக்கு 623 பேரிங், வெளி விட்டம் 10 மில்லி, கனம் 4 மில்லி, பிளைவுட்டும் அதே கனம்ங்குறதால ஓட்டைல கச்சிதமா உக்காந்துக்கும். பிரிச்சதுக்கப்புறம் நடுவுல குறுக்கு கட்டைய வெச்சு மூலமட்டத்துல பாத்து ஒட்டுங்க, தச்சர் வெச்சிருப்பாரே அந்த மூலமட்டம், சின்னதா ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, மத்த எல்லா வேலைக்கும் ஆகும்.

அடுத்து, நாலு சக்கரத்தையும் இறுக்கமா மாட்டாதீங்க. நாலு கால் ஸ்டூல் தரையில ஆடும், முக்காலி எந்த தரையிலயும் ஆடாது, பாத்திருப்பீங்க. வீட்ல போடுற தண்டவாளம் எங்கயாவது கொஞ்சம் மேடு பள்ளமா இருக்கும், நாலு சக்கரமும் இறுக்கமா இருந்தா ஒண்ணு அந்தரத்துல தொங்கும், வளைவுல அதுதான் மொதல்ல எறங்கும். அதனால மோட்டார் இருக்குற அச்ச ஃபிரேமோட இறுக்கமா விட்டுட்டு, இன்னொரு அச்ச ஒரு தனி குட்டி பெட்டியில மாட்டி, அந்த பெட்டிய நடுவுல வண்டி நீளவாக்குல ஒரே ஒரு ஸ்க்ரூல புடிச்சு விடுங்க, தராசு மாதிரி ரெண்டு பக்கமும் ஒரு மில்லி ஏறி எறங்குனா போதும். இத செஞ்சதுக்கப்புறம் என் வண்டி தடம் புரண்டதா ஞாபகமே இல்ல, பூனை தட்டி விட்ட ஒரு தடவய தவிர.

சேசிஸ் தயாரானதும் பாடி எதுவும் இல்லாம வயர நேரா செல்லுல தொட்டு ஓட்டிப் பாருங்க. ஒரு செங்கல்ல பாதியா ஒடச்சு மேல வெச்சு ஓட்டுங்க, சும்மா சொல்லல, நெஜமாவே வெயிட்டோட ஓடுதானு பாக்கணும். சக்கரம் சும்மா வழுக்கிக்கிட்டே சுத்துச்சுனா மோட்டார் அச்சு மேல 200 கிராம் ஈயம் வைங்க, மீன் புடிக்கிற கடையில கெடைக்கும். தண்டவாளத்துல ஏத்தம் வெக்காதீங்க. நிஜ லிஸ்பன்ல 13 சதவீதத்துக்கு மேலயும் ஏறுது, ஆனா அதுல நாலு சக்கரத்துக்கும் மோட்டார் உண்டு, வழுக்குனா தண்டவாளத்துல மணலும் தூவுவாங்க. நமக்கு ஒரு அச்சுதான்.

கரன்ட் விஷயம். தண்டவாளத்துல கரன்ட் குடுத்து ஓட்டலாம், ஆனா அதுக்கு ஒரு பக்க சக்கரத்த இன்சுலேட் பண்ணணும், சக்கரத்துலேர்ந்து கரன்ட் எடுக்க பிரஷ் வெக்கணும், பித்தள தண்டவாளத்த அடிக்கடி தேய்க்கணும், நம்ம ஊர் காத்துக்கு ரெண்டு நாள்ல கறுத்துடும். நான் பேட்டரி கட்சி. ஒரு 18650, கூடவே டிபி4056 சார்ஜிங் போர்டு, புரொடெக்‌ஷன் இருக்குற மாடலா பாத்து வாங்குங்க, அவுட் பிளஸ், அவுட் மைனஸ்னு தனியா பின் இருக்கும். செல்லுக்கு நேரா சால்டர் வெக்காதீங்க, ஹோல்டர் வாங்குங்க, சூட்டுல செல் தீப்புடிச்சா, சுத்தி இருக்குறது மரப்பெட்டி, சொல்லவே வேணாம். சார்ஜ் போர்ட்டோட வாய் தரைக்கு அடியில ஓரமா தெரியுற மாதிரி வைங்க, மோட்டாருக்கு முன்னாடி ஒரு ஸ்விட்ச், சார்ஜ் போடும்போது ஆஃப். மோட்டார் கால் ரெண்டுக்கும் நடுவுல, மின் இரைச்சல அடக்க, ஒரு 104 கப்பாசிட்டர். என் வண்டி ஓடும்போது மீட்டர்ல 80 மில்லிஆம்ப்தான் காட்டுச்சு, அதனால ஒரு சார்ஜ் நாள் கணக்குல வருது.

ஹெட்லைட்டுக்கு ரெண்டு முனைலயும் ஒவ்வொரு வார்ம் ஒயிட் எல்இடி, ஒவ்வொண்ணுக்கும் 100 ஓம் ரெசிஸ்டர், ரெண்டையும் மோட்டார் வயர்லயே எதிரெதிரா கொடுங்க, எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்க லைட் மட்டும் தானா எரியும். இதுக்குனு தனி சர்க்யூட் எதுவும் வேணாம்.

ஷெல்ஃப் மேல தானா போயிட்டு வரணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும். நான் மொதல்ல பண்ணது டிபிடிடி ஸ்லைடு ஸ்விட்ச் (மோட்டாருக்கு போற பிளஸ் மைனஸ மாத்தி விடுறது), அடியில ஒரு குச்சி நீட்டி, முனைல இருக்குற கட்டைல அது இடிச்சு திரும்பணும்னு. திரும்பும், ஆனா பத்துக்கு ஒரு தடவ ஸ்விட்ச் நடுவுல போய் நின்னுக்கும், அங்க எந்தப் பக்கமும் கரன்ட் இல்ல, வண்டி செத்த மாதிரி நிக்கும், போய் தட்டி விடணும். அப்புறம் மாத்துனது 3 வோல்ட் லேட்சிங் ரிலே (ஒரு தடவ திரும்புனா அப்படியே நிக்குற மின் ஸ்விட்ச்), ரெண்டு காயில் இருக்குறது, கூடவே ரெண்டு ரீட் ஸ்விட்ச் (காந்தம் கிட்ட வந்தா மூடுறது). வண்டியோட தரைக்கு அடியில ஒரு ரீட் இடது பக்கம், ஒண்ணு வலது பக்கம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு இன்ச்சாவது இடம் விட்டு. தண்டவாளத்துல ஒரு முனைல காந்தம் இடது பக்கம், அடுத்த முனைல வலது பக்கம். காந்தத்த தாண்டுறப்ப அந்த ரீட் மூடி, அந்த காயில் ரிலேய திருப்பி, மோட்டார் ரிவர்ஸ். லேட்சிங்ங்குறதால திரும்புனதுக்கப்புறம் காயிலுக்கு கரன்ட் வேணாம். ஒவ்வொரு காயிலுக்கும் ஒரு 1என்4148 டயோட தலைகீழா போட்டுருங்க, இல்லனா ரீட் கருகி ஒட்டிக்கும்.

இவ்ளோவும் ஓடுனதுக்கப்புறம்தான் பாடி. தரைப் பலகைல மோட்டாருக்கும் செல்லுக்கும் இடம் வெட்டி, மேல சீட்டுங்க மறைக்கிற மாதிரி வைங்க, ஒரு சீட் பெட்டி கழட்டுற மாதிரி இருக்கட்டும். பாடிய சேசிஸோட நாலு ஸ்க்ரூல மட்டும் புடிங்க, ஒட்டவே ஒட்டாதீங்க. மரத்துக்கு சாதா ஃபெவிக்கால் போதும், துணி கிளிப் ஒரு டஜன் பக்கத்துல வெச்சுக்கோங்க. ஐப்பசி மழைல ஒட்டுனா காய ஒரு ராத்திரி முழுசா விடணும், நான் அவசரப்பட்டு அன்னைக்கே உப்புத்தாள் போட்டு பக்கவாட்டு பலகை ஓலை மாதிரி வளஞ்சு போச்சு, வெயிட் வெச்சு மூணு நாள் படுக்க வெச்சேன். கூரை முனைல வளைய வேண்டிய பட்டைய சுடுதண்ணில கால் மணி நேரம் ஊற வெச்சு ஒரு டப்பா மேல ரப்பர் பேண்ட் போட்டு கட்டி காய விடுங்க, ஒடையாம வளையும். ஜன்னல் ஷீட்டுக்கு மட்டும் ஃபெவிக்விக் வேணவே வேணாம், அதோட ஆவி பட்டா கண்ணாடி மாதிரி இருக்குறது பால் ஊத்துன மாதிரி வெளுத்துடும், ஃபெவிக்கால பல்லுகுத்துற குச்சி முனைல தொட்டு வைங்க, அது காஞ்சா தெரியாது. ஜன்னல் எல்லாம் பெயிண்டுக்கு அப்புறம்.

பெயிண்ட்ல மஞ்சதான் வில்லன். மரத்து மேல நேரா மஞ்ச அடிச்சா சேறு பூசுன மாதிரி இருக்கும். சாண்டிங் சீலர் ரெண்டு கோட், நடுவுல 400 நம்பர் உப்புத்தாள், அப்புறம் முழுசா வெள்ள. ஜன்னல் பக்கம் எப்படியும் வெள்ளதான், அத டேப் போட்டு மறச்சுட்டு கீழ்பாதிக்கு மஞ்ச மூணு கோட், மெலிசா. டேப்ப பெயிண்ட் முழுசா காயுறதுக்கு முன்னாடியே மெதுவா உரிங்க, கோடு சுத்தமா வரும். நம்பர் எழுதுறவங்க 541லேர்ந்து 585க்குள்ள ஏதாவது ஒண்ணு போடுங்க, அந்த பழைய வண்டிங்க எல்லாம் அந்த வரிசைலதான் இருக்கு.

கூரை மேல இருக்குற கம்பம் நம்ம வண்டியில சும்மா அலங்காரம், நிஜத்துல 600 வோல்ட் அது வழியாத்தான் வருது. ஒத்த கம்பம் வெச்ச டிராம்ல கம்பம் எப்பவும் பின்னாடி சாஞ்சுதான் இருக்கணும், நம்ம வண்டி ஷெல்ஃப் மேல முன்னும் பின்னும் போகப் போறதால அத கொக்கி போட்டு கூரையோட கட்டி விட்டுருங்க, இல்லனா விவரம் தெரிஞ்ச எவனாவது வந்து கம்பம் தப்பா இருக்கேனு கேப்பான், கேட்டிருக்காங்க.

கடைசியா கியர்ல தேங்காயெண்ண விடாதீங்க, குளிர்ல ஒறஞ்சு பிசின் மாதிரி ஆகும். தையல் மெஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு, அதுவும் பேரிங்குல மட்டும், பிளாஸ்டிக் கியருக்கு ஒண்ணுமே வேணாம்.