விருப்பு வாக்கை எண்ணுவது எப்படி? 20 சீட்டுகளோடு வீட்டிலேயே செய்து பார்ப்போம்

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் ஒருவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை; 1, 2, 3 என்று மூவரை வரிசைப்படுத்தி வாக்களிக்கலாம். இதில் 2, 3தான் விருப்பு வாக்கு. 1982இல் நடந்த முதல் தேர்தலிலிருந்தே இந்த வசதி உண்டு. ஆனால் 2024க்கு முன் நடந்த எல்லாத் தேர்தலிலும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதிக்கு மேல் பெற்றுவிட்டதால், 2, 3ஐ எண்ணும் தேவையே வரவில்லை. அதனால்தான் பலருக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். கையால் ஒருமுறை எண்ணினால் போதும், புரிந்துவிடும்.

படி 1: சீட்டு

20 துண்டுத் தாள்களில் மா, பலா, வாழை, கொய்யா என்று எழுதுங்கள். இவைதான் நம் வேட்பாளர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்து 1, 2, 3 போடச் சொல்லுங்கள். 1 மட்டும் போட்டாலும் செல்லும். 1 இல்லாமல் 2, 3 மட்டும் இருந்தால் செல்லாது.

படி 2: முதல் எண்ணிக்கை

1ஐ மட்டும் பார்த்துக் கட்டுக்கட்டாகப் பிரியுங்கள். மா 8, பலா 6, வாழை 4, கொய்யா 2 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் என்றால் 11 வேண்டும். யாருக்கும் இல்லை.

படி 3: இரண்டாம் எண்ணிக்கை

முதல் இரண்டு இடங்களைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுகிறார்கள். மா, பலா கட்டுகளைத் தொடவே கூடாது; பலரும் தடுமாறுவது இங்கேதான். வெளியேறியவர்களின் 6 சீட்டுகளை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

வாழையின் 4 சீட்டுகளில், மூன்று சீட்டுகளில் 2 என்ற எண் பலாவுக்கு, ஒரு சீட்டில் மாவுக்கு. கொய்யாவின் ஒரு சீட்டில் 2 வாழைக்கு, 3 பலாவுக்கு. வாழைதான் வெளியே போய்விட்டதே! அப்போது 3ஐப் பார்க்க வேண்டும். அது பலாவுக்குச் சேரும். கடைசிச் சீட்டில் வெறும் 1தான். அதை ஒதுக்கி வையுங்கள்.

இப்போது பலா 10, மா 9. பலா வென்றது. இந்தச் சுற்றில் 11ஐ எட்ட வேண்டியதில்லை, இருவரில் கூடுதல் பெற்றாலே வெற்றி.

2024இல் நடந்ததும் இதே கணக்குதான். முதல் எண்ணிக்கையில் அனுர குமார திசாநாயக்க 42.31%, சஜித் பிரேமதாச 32.76%. மற்ற 36 பேருக்கும் விழுந்தவை சுமார் 33 லட்சம் வாக்குகள். அவற்றில் இந்த இருவருக்கும் விருப்பு வாக்காக வந்து சேர்ந்தவை ஏறக்குறைய 2 லட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. மீதி 30 லட்சம் சீட்டுகளுக்கு இரண்டாம் எண்ணிக்கையில் பேச்சே இல்லை. எனக்கு மனதை உறுத்தும் எண் அதுதான். பிரான்சில் இதே நிலை வந்தால் இரண்டு வாரம் கழித்து மக்களை மறுபடி சாவடிக்கு அழைப்பார்கள். ஆஸ்திரேலியாவின் கீழவைத் தேர்தலில் எல்லாக் கட்டத்திலும் எண் போட்டே ஆக வேண்டும்.

சரி, ஒதுக்கி வைத்த அந்த ஒரு சீட்டை எடுங்கள். அதில் மாவுக்கு 2 என்று போட்டு மறுபடி எண்ணுங்கள். 10க்கு 10.