மெனோனைட், ஆமிஷ் குடும்பக் காகிதங்கள்: தேடுவதும் படிப்பதும்

கடிதம் எழுதியவர் வீட்டில் தங்காது, பெற்றவர் வீட்டில்தான் தங்கும். மெனோனைட், ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சபையினரின் ஆவணக் காப்பகங்களில் தேடுபவர்கள் பலரும் மறந்துவிடுவது இதைத்தான். கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று எழுந்துவிடுகிறார்கள். அவர் எழுதிய நாலு கடிதம் யாரோ ஒரு பிஷப்பின் பெட்டியில் பத்திரமாக இருக்கலாம்.

ஆகவே அவர் பெயரோடு நிற்காமல், அவர் யாருக்கெல்லாம் எழுதியிருப்பார் என்று ஒரு பட்டியல் போடுங்கள்: வேறு மாநிலத்துக்குப் போன உடன்பிறந்தவர்கள், சபையின் போதகர், பத்திரிகை ஆசிரியர். ஜான் எஃப். ஃபங்க் (1835–1930) நல்ல உதாரணம். 1864இல் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சபை இதழ் தொடங்கியவர், 1867இல் சிகாகோவை விட்டு இண்டியானாவின் எல்கார்ட்டுக்கு வந்தார். பல ஊர்களிலிருந்து அவருக்கு வந்த கடிதங்கள் இன்று எல்கார்ட்டில் உள்ள மெனோனைட் சர்ச் யுஎஸ்ஏ காப்பகத்தில் இருக்கின்றன. வேறெங்கும் தடயமில்லாத விவசாயியின் கையெழுத்து அங்கே கிடைக்க வாய்ப்புண்டு.

எந்தக் காப்பகம் என்பதைக் குடும்பத்தின் கிளைதான் முடிவு செய்யும். யோடர், மில்லர், ஹோஸ்டெட்லர் போன்றவை சுவிஸ்–தென் ஜெர்மன் கிளைப் பெயர்கள். எல்கார்ட், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்க் என்று தொடங்குங்கள். ஃபிரீசன், பென்னர், டிக் என்றால் இன்றைய போலந்தின் விஸ்துலா ஆற்றுப் பகுதியிலிருந்து ரஷ்யப் பேரரசின் கோர்டிட்சா (1789), மோலோச்னா (1804) குடியேற்றங்களுக்குப் போய், 1874 முதல் கான்சாஸ், மனிடோபா பக்கம் வந்தவர்கள். இவர்களுக்குக் கான்சாஸின் நார்த் நியூட்டனில் பெத்தேல் கல்லூரிக் காப்பகமும், வினிபெக்கில் மெனோனைட் ஹெரிடேஜ் காப்பகமும். 1920களில் கனடாவுக்கு வந்த சுமார் 20,000 பேரின் குடும்பவாரிப் பதிவு அட்டைகளும் வினிபெக்கில்தான் உள்ளன. பட்டியலில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவரின் காகிதத் தொகுப்பை அமெரிக்காவில் 'பேப்பர்ஸ்', 'கலெக்‌ஷன்' என்பதைக் கனடாவில் 'ஃபோன்ட்ஸ்' என்பார்கள்.

ஆமிஷ் காகிதங்களில் பலவும் ஆமிஷ்களே நடத்தும் நூலகங்களில் உள்ளன. ஒன்டாரியோவின் ஏல்மரில் உள்ள ஹெரிடேஜ் ஹிஸ்டாரிகல் நூலகமும் பென்சில்வேனியாவின் கார்டன்வில்லில் உள்ள பெக்வே புரூடர்ஷாஃப்ட் நூலகமும் முக்கியமானவை. தபாலில் கடிதம் எழுதிக் கேட்பதே அங்கு முறை. குடும்பப் பெயர், ஊர், சுமாரான ஆண்டு மூன்றையும் எழுதி, பதிலுக்கான உறையையும் வைத்து அனுப்புங்கள்.

பெயர்களில்தான் அதிகம் தடுமாறுவோம். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். நடுவெழுத்துதான் பிரித்துக் காட்டும். ஆமிஷ் குடும்பங்கள் பலவற்றில் அது தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரின் முதலெழுத்து. ரஷ்யாவில் வாழ்ந்த மெனோனைட்களிடம் பெரும்பாலும் தந்தையின் பெயரின் முதலெழுத்து. இரண்டையும் குழப்பினால் தவறான குடும்பத்துக்குள் போய்விடுவீர்கள். 'கிராண்மா' வம்சாவளித் தரவுத்தளம் ரஷ்ய வழியினர் ஒவ்வொருவருக்கும் தனி எண் தருகிறது. அந்த எண்ணை உங்கள் குறிப்பில் முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள். ஊர்ப் பெயரும் ஏமாற்றும்: புளூமனோர்ட் மோலோச்னாவிலும் உண்டு, மனிடோபாவிலும் உண்டு.

ஆமிஷ்களிடையே வழங்கும் சுற்றுக் கடிதம் தனி வகை. ஒரு கட்டு வீடு வீடாகச் சுற்றும்; கட்டு கைக்கு வந்ததும் தன் பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். எடுத்த கடிதம் எழுதியவரிடமே நின்றுவிடுகிறது. முதலில் சொன்ன விதிக்கு இது நேர் எதிர். ஒரு சுற்றை முழுதாகப் பார்க்க, பங்கேற்ற ஒவ்வொருவரின் காகிதங்களையும் தேட வேண்டும்.

இனி படிப்பது. வீட்டில் பேசியது பென்சில்வேனியா டச்சு அல்லது பிளாட்டீச் என்ற ஜெர்மன் வட்டார மொழி என்றாலும், 19ஆம் நூற்றாண்டுக் கடிதங்களில் எழுதியது பெரும்பாலும் இலக்கிய ஜெர்மன், கர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில். அதில் 'ஈ' (e) எழுத்து இரண்டு செங்குத்துக் கோடுகள்தான், பார்த்தால் 'என்' (n) போலவே இருக்கும். 'யு'வின் (u) தலையில் ஒரு வளைகோடு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சொற்கள் பிரியும். ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் பல சமயம் சாதாரண லத்தீன் எழுத்தில் எழுதியிருப்பார்கள். அவற்றை முதலில் படித்து, அதே கை எழுதிய மற்ற எழுத்துகளுக்கு அங்கிருந்து நகருங்கள்.

தேதி வரியில் நிதானம் வேண்டும். 7 என்ற எண்ணை அடுத்து 'பெர்' என்றிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல; 10 'பெர்' டிசம்பர். 'ஹோர்னுங்' பிப்ரவரி, 'ஹொய்மோனாட்' ஜூலை, 'கிறிஸ்ட்மோனாட்' டிசம்பர். ரஷ்யாவிலிருந்து வந்த கடிதமானால் பழைய நாட்காட்டி, இன்றைய நாட்காட்டியைவிட 19ஆம் நூற்றாண்டில் 12 நாள், 1900 மார்ச் முதல் 1918 பிப்ரவரி வரை 13 நாள் பின்தங்கியிருக்கும். எழுதியிருக்கும் தேதியை அப்படியே குறித்துக்கொண்டு, மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது முதல் படம் ஃபோல்டர் மேலட்டை, அடுத்தது உறை, பிறகு பக்கங்கள். பெட்டி எண், ஃபோல்டர் எண் இல்லாத படத்தால் பின்னால் பயனில்லை. ஓரங்களையும் முதல் பக்கத்தின் உச்சியையும் விட்டுவிடாதீர்கள். தாள் தீர்ந்தபின் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியது அங்கேதான் இருக்கும், பிறப்பு, இறப்புச் செய்தி உட்பட. குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். காகிதத்தைத் தொடக் கழுவி உலர்த்திய வெறுங்கை போதும். கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து ஓரம் கிழியும். புகைப்படங்களுக்குக் கையுறை தேவை.

உங்கள் வீட்டிலேயே ஒரு கட்டு இருந்து அதைக் காப்பகத்துக்குக் கொடுப்பதானால், வகைபிரித்து அடுக்காதீர்கள். எது எதோடு கட்டியிருந்தது என்பதும் ஒரு சான்று. ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த கிளிப்பையும் மட்டும் மெதுவாக நீக்குங்கள். ஒட்டும் டேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். இரண்டையும் பின்னால் சேதமில்லாமல் எடுப்பது கடினம். செய்தித்தாள் வெட்டல்களைத் தனி உறையில் வையுங்கள், அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளைப் பழுப்பாக்கிவிடும். மடிப்பில் விறைத்த கடிதத்தை வலிந்து விரிக்காமல் அப்படியே கொடுங்கள். கையெழுத்திடும் நன்கொடை ஒப்பந்தத்தில் பதிப்புரிமை யாருக்கு, உயிரோடிருப்பவர்களைப் பற்றிய பக்கங்கள் எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும் என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயரை மென்மையான பென்சிலால் பின்புற ஓரத்தில் எழுதுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய முதியவர் இன்னும் இருந்தால், பெட்டியை அனுப்பும் முன்பே அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.