பூனை மணல் பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தால்: எனக்குப் பலன் தந்தவை

முதலில் பூனையின் உடம்பைக் கவனியுங்கள், பெட்டியை அப்புறம் பார்க்கலாம். அடிக்கடி குந்துவது, சொட்டுச் சொட்டாகப் போவது, ரத்தம் கலந்து வருவது எல்லாம் சிறுநீர்ப்பைக் கோளாறின் அறிகுறிகள். ஆண் பூனை முக்கியும் சிறுநீரே வரவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நின்றபடி, வால் நடுங்க, சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பெரும்பாலும் அடங்கும்.

தரையில் குந்திக் குளமாக விட்டால் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக, தனித்தனி இடங்களில் இருக்கட்டும். நீளம், பூனையின் மூக்கிலிருந்து வாலடி வரையிலான அளவுபோல் ஒன்றரை மடங்கு. வாசனை சேர்க்காத, நைசான, ஈரம் பட்டால் கட்டியாகிவிடும் மணல் 5 செ.மீ. ஆழத்துக்குப் போதும். கழிவைத் தினமும் அள்ளுங்கள். மூடி போட்ட பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்றம் உள்ளேயே தங்கிவிடும்.

பழைய வாடை மிஞ்சினால் பூனை அதே மூலைக்குத்தான் திரும்பும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சிறுநீர் வாடையைச் சிதைக்கும் நொதி கலந்த என்சைம் கிளீனரைக் கறையைவிட அகலமாக ஊற்றித் தானாகக் காயவிடுங்கள். மெத்தையென்றால் சிறுநீர் இறங்கிய ஆழம்வரை அதுவும் இறங்க வேண்டும், மேலாகத் தெளித்தால் பலனில்லை. அம்மோனியா கலந்த கிளீனர் கூடவே கூடாது. அதன் வாடை சிறுநீர் வாடையை ஒத்திருக்கும்.