சம்பள வேலையிலிருந்து சொந்தக் குத்தகைக்கு: பினாங்கில் இருப்பவர்கள் முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பிலோ மென்பொருள் சோதனையிலோ இருந்துவிட்டு, அதே வேலையைச் சொந்தக் குத்தகையாக எடுத்துச் செய்தால் என்ன என்று எண்ணுபவர்கள் நம்மிடையே உண்டு. எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்த பிறகு கணக்குப் பார்க்க உட்காருவதுதான் பிழை; கடிதம் கடைசியில் வர வேண்டிய காகிதம்.

வேலையில் இருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. வீடு அல்லது கார் வாங்கும் திட்டமிருந்தால் கடனை இப்போதே எடுத்துவிட வேண்டும். சம்பளக்காரரிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையையும் பார்த்துத் திருப்தியடையும் வங்கி, சொந்தத் தொழில் செய்பவரிடம் தொழில் பதிவு, ஆறு மாத வங்கிக் கணக்கு, வரிப் பாரம் என்று கேட்கும். தொழில் தொடங்கி இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லும் வங்கிகளும் உண்டு. அடுத்தது மருத்துவ அட்டை, அதாவது மருத்துவக் காப்பீடு. நிறுவனம் கொடுத்த அட்டை வேலையோடு போய்விடும். சொந்தமாக வாங்கும் அட்டைக்குப் பொதுவாக 30 நாள் காத்திருப்புக் காலமும், இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள் காத்திருப்புக் காலமும் இருப்பதால், வேலையை விடுவதற்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே அதை வாங்குவது நல்லது.

இனி கட்டண விகிதத்துக்கு வருவோம்; பெரும்பாலானோர் வழுக்கி விழுவது இங்கேதான். மாதம் 6,000 ரிங்கிட் வாங்கும் ஒரு டெஸ்ட் இன்ஜினியர், மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வகுத்து நாளுக்கு 273 ரிங்கிட் கேட்டால், நிறுவனம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடும். அவரை நிரந்தரமாக வைத்திருக்க அதற்கு அதைவிட அதிகம் செலவாகிறது என்பதே காரணம். ஆண்டுச் சம்பளம் 72,000. சம்பளம் 5,000 ரிங்கிட்டைத் தாண்டியவருக்கு முதலாளி கட்டும் இபிஎஃப் பங்கு 12 விழுக்காடு, அதாவது 8,640. ஒரு மாத போனஸ் 6,000. சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பங்கு, மருத்துவக் காப்பீடு, இதுவரை இலவசமாகக் கிடைத்த மடிக்கணினி, மென்பொருள் உரிமம் எல்லாம் சேர்த்து 9,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 95,640 ரிங்கிட் ஆகிறது.

இதை எத்தனை நாளால் வகுப்பது? வார இறுதிகள் போக ஆண்டில் 261 நாள். அதில் பொது விடுமுறை, ஆண்டு விடுமுறை, காய்ச்சலில் படுக்கும் நாட்கள் ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 220. அவற்றிலும் விலைப்புள்ளி எழுதுவது, ஆட்களைப் பார்க்கப் போவது, பில் அனுப்பிவிட்டுத் துரத்துவது, இரண்டு வேலைகளுக்கு நடுவே சும்மா இருப்பது ஆகியவற்றுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். ஆகவே காசு வரும் நாட்கள் 160 என்று கொண்டால், பழைய நிலையிலேயே இருப்பதற்கு நாளுக்கு 600 ரிங்கிட் வேண்டும். ஒரே நிறுவனம் முழு ஆண்டுக்கும் வேலை உறுதி தந்தால் 220 ஆல் வகுத்து 435 வரை இறங்கலாம். அதற்குக் கீழே போவது சம்பளக் குறைப்புக்குச் சம்மதிப்பதுதான்.

கையிருப்பு ஆறு மாதச் செலவுக்குக் குறையக் கூடாது. ஜனவரியில் செய்த வேலைக்கு மாத இறுதியில் பில் அனுப்பி, பில்லுக்குப் பணம் தர நிறுவனம் எடுக்கும் தவணை 60 நாள் என்றால், முதல் காசு ஏப்ரலில்தான் கண்ணில் படும். நடுவில் சீனப் பெருநாளோ நோன்புப் பெருநாளோ வந்தால் கணக்குப் பிரிவில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

கடிதம் கொடுக்குமுன் வேலை ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாக வாசிக்க வேண்டும். முன்னறிவிப்புக் காலம் அதில் எழுதப்படாவிட்டால், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைந்ததற்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். பயிற்சிக்கு அனுப்பியபோது, இத்தனை காலம் விலகமாட்டேன் என்று கையெழுத்திட்ட பத்திரம் ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விலகிய பின் போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக் கூடாது என்ற விதியைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைப் பொதுவாகச் செல்லாதவை ஆக்குகிறது. ஆனால் வாடிக்கையாளர் பட்டியலையோ வரைபடங்களையோ பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போவது வேறு கதை. அதற்கு அந்தப் பிரிவு துணைக்கு வராது. தானே விலகுபவருக்கு வேலை இழப்புக் காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பதிவு எளிது. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) தொடங்க அவசரம் வேண்டாம். செயலாளர் கட்டணமும் ஆண்டுக் கணக்கு வேலையும் முதல் ஆண்டு வருமானத்துக்குத் தேவையற்ற சுமை.

முதல் வாடிக்கையாளர் பழைய நிறுவனமாகவே இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள, வேலைவாய்ப்புச் சட்டத்தின் 101சி பிரிவின்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல், வேலை நேரத்தையோ முறையையோ அவர்களே கட்டுப்படுத்தினாலோ, கருவியை அவர்களே கொடுத்தாலோ, எதிராதாரம் காட்டும்வரை அவரைத் தொழிலாளி என்றே சட்டம் அனுமானிக்கும். ஆகவே என்ன வேலை, எப்போது ஒப்படைப்பது, எத்தனை முறை திருத்தித் தருவது, எத்தனை நாளில் பணம் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது நிறுவனத்தின் எழுத்துபூர்வ வேலை ஆணை, கைக்கு வராமல் வேலையைத் தொடக் கூடாது. மேலாளர் வாட்ஸ்அப்பில் "தொடங்குங்கள், ஆர்டர் பின்னால் வரும்" என்பார். ஆர்டர் எண் இல்லாத பில்லைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும். பணம் வராமலே போனால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமல் தானே வழக்குப் பதியலாம்.

இபிஎஃப் இனி தானாகப் பிடிக்கப்படாது. பணம் வந்த அன்றே ஒரு பங்கைத் தாமே கட்டிவிடுவது நல்லது; 60 வயதுக்குட்பட்டவர் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்தால், அவர் கட்டிய தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் வரை, 2025 முதல் அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. சொக்சோவிலும் சொந்தத் தொழில் செய்பவருக்கான திட்டம் உண்டு, வேலை சார்ந்த விபத்துக்கு.

வரிக்கு இனி சம்பளக்காரருக்கான பிஇ பாரம் அல்ல, தொழில் வருமானம் உள்ளவருக்கான பி பாரம்; கடைசி நாள் ஜூன் 30. வேலையை விட்ட ஆண்டின் சம்பளமும் குத்தகை வருமானமும் அந்த ஒரே பாரத்தில் வரும் என்பதால், பழைய நிறுவனத்திடம் ஆண்டுச் சம்பள விவரம் தரும் இஏ பாரத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு வரி வாரியம் சிபி500 கடிதம் அனுப்பி, இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு தவணையில் முன்கூட்டியே கட்டச் சொல்லும். வருமானம் குறைந்திருந்தால் ஜூன் 30க்குள் சிபி502 பாரத்தில் தொகையைத் திருத்தக் கேட்கலாம். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்; வெப்பத்தாளில் அடித்தவை சில மாதத்திலேயே வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படமெடுத்து வைக்கவும்.