கரண்ட் போனதும் லேப்டாப்பும் அணைகிறதா?

புளியரைப் பக்கம் சாரல் பிடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். கூடவே என் லேப்டாப்பும் பொட்டென்று அணைந்துவிடும். சார்ஜர்மேல்தான் முதலில் சந்தேகம். அது தப்பு, சார்ஜரைப் பிடுங்கியதும் அணைந்தால் கோளாறு பெரும்பாலும் பேட்டரியில்தான். திரையில் 100 சதவீதம் காட்டினாலும் நம்பாதீர்கள், தளர்ந்த பேட்டரி அப்படித்தான் ஏமாற்றும்.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி தனியாக வருகிற மாடலா, அதையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி முனையில் உள்ள உலோகத் தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்து மாட்டிப் பாருங்கள். எனக்கு இது உதவவில்லை. புது பேட்டரி வரும்வரை இன்வெர்ட்டர் பிளக்கிலேயே ஓட்டினேன்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பேட்டரி உப்பிவிட்டது. அப்புறம் சார்ஜ் போடவே கூடாது, அமுக்கவும் கூடாது. நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.