காணாமல் போனாரா, ஆக்கப்பட்டாரா: போர்ச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய சொல் தவறுகள்

புதுச்சேரியில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் சேர்ந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. குறிஞ்சிப்பாடி முகாமில் ஒரு அம்மாவிடம் பேசிவிட்டு, எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். 'இவருடைய தம்பி 1990இல் திருகோணமலையில் காணாமல் போனார்' என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அவன் காணாமல் போகேல்ல தம்பி. வீட்டுக்கு வந்து பிடிச்சுக்கொண்டு போனவங்கள். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

திருவிழாக் கூட்டத்தில் குழந்தை காணாமல் போகும். பஸ்ஸில் பர்ஸ் காணாமல் போகும். கண்ணெதிரே இழுத்துப் போகப்பட்டவரைப் பற்றி அப்படி எழுதினால், என்னவோ அவரே எங்கோ போய்விட்டதுபோல் ஆகிவிடுகிறது. 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்று எழுதிப் பாருங்கள். ஆக்கியது யார் என்ற கேள்வி படிப்பவருக்குத் தானாக வரும். ஈழத்துத் தாய்மார் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று ஒரு சொல் பிசகாமல் சொல்வது இதனால்தான். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் உட்கார்ந்து தொடங்கிய போராட்டத்தின் பதாகைகளிலும் அதே சொல்தான்.

சட்டத்திலும் இதற்குத் தனி இடம் உண்டு. ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைப்படி மூன்று விஷயங்கள் சேர வேண்டும். ஒருவரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதைச் செய்தது அரசின் ஆட்களாகவோ, அரசின் ஒப்புதலோடு செய்தவர்களாகவோ இருக்க வேண்டும். பிடித்ததையே மறுக்கவோ, ஆள் எங்கே என்பதை மறைக்கவோ வேண்டும். ஆள் என்ன ஆனார் என்று தெரியும்வரை அது நடந்துகொண்டே இருக்கும் குற்றம். அதனால் '35 வருஷத்துக்கு முன் நடந்த பழைய கதை' என்று யாராவது சொன்னால், சட்டக் கணக்கிலேயே அது தப்பு. இலங்கை 2016இல் இந்த உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. இந்தியா 2007இல் கையெழுத்துப் போட்டதோடு நிற்கிறது.

அந்த அம்மா திருத்திய பிறகு, இந்த மாதிரிச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. என் மேசைக்கு அடிக்கடி வரும் பிழைகளை இங்கே எழுதுகிறேன்.

இனப்படுகொலை: எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வது

அதிகம் குழம்புவது இந்தச் சொல்லில்தான். நிறையப் பேர் செத்தால் இனப்படுகொலை, கொஞ்சம் பேர் செத்தால் படுகொலை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் இதற்கென 'ஜெனோசைட்' என்ற ஆங்கிலப் புதுச்சொல்லை உண்டாக்கினார். கிரேக்கத்தில் இனம் என்பதற்கான சொல்லையும், லத்தீனில் கொல்வதைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. அதைச் சட்டமாக்கியது. ஒரு நாட்டினத்தையோ, இனக்குழுவையோ, நிறவினத்தையோ, மதக் குழுவையோ முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் உள்நோக்கம் இருக்க வேண்டும். அந்த உள்நோக்கத்தோடு ஐந்தில் ஒன்றைச் செய்தாலும் குற்றம்: கொல்வது, உடலையோ மனதையோ கடுமையாகச் சிதைப்பது, வாழவே முடியாத நிலைமையை வேண்டுமென்றே உண்டாக்குவது, பிள்ளை பிறக்காமல் தடுப்பது, பிள்ளைகளைப் பறித்து வேறு குழுவிடம் கொடுப்பது.

ஐந்தில் ஒன்றுதான் கொலை. 'இனப்படுகொலை' என்ற சொல்லுக்குள்ளேயே கொலை உட்கார்ந்திருப்பதால், பட்டினி போடுவதும் பிள்ளைகளைப் பறிப்பதும் அதில் அடங்கும் என்பது நம் மனதில் பதிவதில்லை. ஈழ எழுத்தில் புழங்கும் 'இனவழிப்பு' இந்த வகையில் நல்ல சொல். நான் அதைத்தான் எழுதுகிறேன்.

இன்னொரு சிக்கல் நம் 'இனம்'. தமிழில் அது ரொம்ப அகலமான சொல். பெண்ணினம் என்போம், பறவையினம் என்போம். அதனால் எந்தக் கொடூரத்துக்கும் இனப்படுகொலை என்று போட்டுவிடுகிறோம். கம்போடியாவைப் பாருங்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2018இல் அங்குள்ள சிறப்பு நீதிமன்றம், சாம் முஸ்லிம்களுக்கும் வியட்நாமியருக்கும் நடந்ததைத்தான் இனவழிப்பு என்றது. பெரும்பான்மைக் கெமர் மக்களுக்கு நடந்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்ற தலைப்பில் வந்தது. மாறாக, 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிசாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது இனவழிப்பு என்று தீர்ப்பானது. எண்ணிக்கை அல்ல, உள்நோக்கம்தான் இரண்டையும் பிரித்தது.

அப்படியானால் கெமர் மக்களின் சாவு ஒரு படி கீழா? இல்லை. இது பெரிய தவறு, நம் ஊர் மேடைகளில் தினமும் கேட்கலாம். இனவழிப்பு என்று சொல்லாவிட்டால் குற்றத்தையே மறைத்துவிட்டதாகக் கோபப்படுகிறார்கள். போர்க்குற்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், இனவழிப்பு மூன்றும் ஏணிப்படிகள் அல்ல. போர்க்குற்றத்துக்குப் போர் நடந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கைதியைக் கொன்றாலும் அது போர்க்குற்றம்தான். மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்குப் போரே வேண்டாம். பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ தாக்குதல் நடந்திருக்க வேண்டும். ஒரே சம்பவம் மூன்றிலும் வரலாம்.

'யார் சொன்னது' என்பதையும் விடக்கூடாது. முள்ளிவாய்க்காலை எடுத்துக்கொள்வோம். 2011இல் ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு, போர்க்குற்றமும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமும் நடந்ததாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னது. 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. 2015 பிப்ரவரியில் வடமாகாண சபை இனவழிப்பு என்றே தீர்மானம் போட்டது. 2022இல் கனடா நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழர் இனவழிப்பு நினைவு நாளாக ஏற்றது. இவை அறிக்கையும் தீர்மானமும். சர்வதேச நீதிமன்றம் எதுவும் இதை இன்னும் விசாரிக்கவே இல்லை. 'ஐ.நா. தீர்ப்பளித்தது' என்று எழுதினால், நடக்காத விசாரணையை நடந்து முடிந்ததாகச் சொல்கிறோம். அந்த மக்கள் கேட்பதே அந்த விசாரணையைத்தான்.

தீர்ப்பு வரும்வரை அந்தச் சொல்லையே சொல்லக்கூடாது என்பதும் சரியல்ல. 1994இல் ருவாண்டாவில் சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டபோது, அமெரிக்க அதிகாரிகள் அந்தச் சொல்லை நேராகச் சொல்லாமல் 'இனவழிப்புச் செயல்கள்' என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற தயக்கம். கடுமையான ஆபத்து இருப்பது தெரிந்த உடனே தடுக்கும் கடமை தொடங்கிவிடுகிறது என்று சர்வதேச நீதிமன்றம் 2007இல் போஸ்னியா வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ருவாண்டா என்றதும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1998இல் அகயேசு என்ற நகரத் தலைவர் மீதான வழக்கில், பாலியல் வன்கொடுமையும் இனவழிப்பின் கருவியாகலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ் பஸ் ஓட்டுநரின் மகள். காஸா பற்றி 2025 செப்டம்பரில் இனவழிப்பு என்று முடிவு சொன்ன ஐ.நா. விசாரணை ஆணையத்துக்கும் அப்போது அவர்தான் தலைவராக இருந்தார். அந்த ஆணையமும் நீதிமன்றம் அல்ல என்பதைச் செய்தி எழுதும்போது மறக்க வேண்டாம்.

கலவரமும் சுத்திகரிப்பும்

இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டால் கலவரம். ஒரு கூட்டம் கையில் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாகப் போய் எரித்தால் அது கலவரமா? 1983 ஜூலையில் கொழும்பில் நடந்தது அதுதான். இன்னும் நாம் '83 கலவரம்' என்றே எழுதுகிறோம். உள்ளூரிலும் ஒரு சேரிக் குடிசைகள் மட்டும் எரிந்திருக்கும், செய்தியில் 'இரு தரப்பினர் மோதல்' என்று இருக்கும். தாக்குதல் என்றால் தாக்குதல் என்றே எழுதுங்கள்.

'இனச்சுத்திகரிப்பு' 1990களில் யூகோஸ்லாவியப் போரின்போது உலகமெங்கும் பரவிய சொல். சுத்தம் செய்ய அங்கே அழுக்கு ஏதுமில்லை, இருந்தது மனிதர்கள். செய்தவர்களின் கண்ணால் பார்க்கும் சொல் இது. சட்டத்தில் தனிக் குற்றமும் அல்ல. 'விரட்டியடித்தல்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.

சண்டை போடுகிறவர் வைத்த பெயரை அப்படியே எழுதுவது

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். சட்டையைத் தூக்கி, விலாவில் விரல் நீளத் தழும்பைக் காட்டி, "இது அல்ஜேரி சண்டையில" என்பார். ஆனால் அவர் சண்டை போட்ட நாளில் பிரான்ஸ் அரசு அதைப் போர் என்று சொல்லவில்லை. ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கை என்றது. 1954இல் தொடங்கி 1962இல் முடிந்ததைப் போர் என்று 1999இல்தான் சட்டப்படி ஒப்புக்கொண்டது. தாத்தாவின் விலாவுக்கு அது முன்பே தெரியும்.

2009இல் இலங்கை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றது. அந்தப் பெயரை எழுத வேண்டியிருந்தால் மேற்கோள் குறிக்குள் போட்டு, சொன்னது யார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். போர் விதிகளை வகுத்த ஜெனீவா உடன்படிக்கைகள் பெயரைப் பார்ப்பதில்லை, களத்தில் நடப்பதைத்தான் பார்க்கும்.

இதே வகையில் 'பாதுகாப்பு வலயம்'. 2009இல் வன்னி மக்களைப் போகச் சொல்லி அரசு அறிவித்த இடம் இது. அங்கேயும் குண்டு விழுந்தது. 'உயர் பாதுகாப்பு வலயம்' முற்றிலும் வேறு: யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் மக்களை வெளியேற்றி ராணுவம் வைத்துக்கொண்ட நிலம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இரண்டும் ஒன்றாகிவிடுவதைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். அப்புறம் 'மனிதக் கேடயம்': ஒரு தரப்பு மக்களைக் கேடயமாக நிறுத்துவது குற்றம். ஆனால் அப்படி நிறுத்தப்பட்டவர்கள் பொதுமக்கள்தான், அவர்களைச் சுட எதிர்த்தரப்புக்கு உரிமை வந்துவிடாது.

இரண்டு நீதிமன்றங்களை ஒன்றாக்குவது

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இரண்டு இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றத்தில் நாடு நாட்டின் மீது வழக்குப் போடும். யாரையும் ஜெயிலில் போடாது. 2002 முதல் இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனி மனிதர்களை விசாரிக்கும். இந்தியாவும் இலங்கையும் இதில் உறுப்பினர் இல்லை. தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது 2023 டிசம்பரில் போட்ட வழக்கு முதலாவதில். நெதன்யாகு மீது 2024 நவம்பரில் பிறந்த கைது வாரண்ட் இரண்டாவதிலிருந்து.

முதல் வழக்கில் 2024 ஜனவரி 26 அன்று வந்தது இடைக்கால உத்தரவு. மறுநாள் 'இனவழிப்பு நிரூபணம்' என்று தலைப்பு வைத்தவர்களைப் பார்த்தேன். நிலத் தகராறில் இடைக்காலத் தடை வாங்கியவர் வழக்கில் ஜெயித்துவிட்டார் என்று கடலூர் கோர்ட் வாசலில் யாராவது சொல்வார்களா?

அகதி, இடம்பெயர்ந்தவர், புலம்பெயர்ந்தவர்

நாட்டுக்குள்ளேயே ஓடினால் இடம்பெயர்ந்தவர். உயிருக்கு அஞ்சி எல்லை தாண்டினால் அகதி. வேறு நாட்டில் வேர் விட்டவர் புலம்பெயர்ந்தவர். 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அன்பால் செய்தது, எனக்கும் பிடித்தது. ஆனால் அகதி என்பது வசைச்சொல் அல்ல, உரிமை கேட்கும் சொல். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவே இல்லை. அதனால்தான் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் அரசுத் தாள்களில் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று எழுத முடிகிறது. அந்தச் சொல்லைச் செய்தியாளர்கள் கடன் வாங்க வேண்டாம்.

நம் ஊரில் நடக்கும்போது

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குத் திருட்டு விசாரணை என்று கூட்டிப்போன ஒரு கூலித் தொழிலாளி திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. மனைவி நம்பவில்லை. ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்டார். வாதாடிய வழக்கறிஞர் சந்துரு பிறகு நீதிபதியானார். காவலில் அடித்துக் கொன்றது அப்படித்தான் வெளியே வந்தது. 'தப்பி ஓடினார்', 'மோதலில் பலி', 'வழுக்கி விழுந்தார்' எல்லாமே முதலில் ஒரு தரப்பின் வாக்குமூலம். 'என்று காவல்துறை கூறுகிறது' என்பதை வெட்டினால் அது உங்கள் வாக்குமூலமாகிவிடும்.

வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிப்போனால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்த ஒரு வருஷத்துக்குள் போங்கள். ஆணையம் பரிந்துரைக்கும், தண்டிக்காது. எங்கே போனாலும் மனுவின் முதல் வரியில் 'காணவில்லை' என்று எழுதாதீர்கள். 'கூட்டிப்போனார்கள்' என்று எழுதுங்கள். வந்தவர்கள் எத்தனை பேர், சீருடையா சாதா உடையா, வண்டி நம்பர் என்ன, மணி எத்தனை, பார்த்தவர் யார் என்று அதே பக்கத்தில் வரிசையாக எழுதிவிடுங்கள்.