மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள்: கொடி வரையும்போது நேரும் தவறுகள்

ஆகஸ்டும் ஜனவரியும் வந்தால் எங்கள் டிசைன் மேசைக்கு ஒரே மாதிரி வேலைதான் வரும். வாழ்த்து வாசகம், நாலைந்து படங்கள், பின்னணியில் மூவர்ணக் கொடி. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்காகப் பத்தடி நீளம், மூன்றடி உயரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் போட்டேன். கையில் இருந்த கொடிப் படம் அந்த நீளத்துக்கு எட்டவில்லை. வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். இடம் நிரம்பியது. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். பேனரைத் தரையில் விரித்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் குனிந்து அசோகச் சக்கரத்தின் மேல் கையை வைத்தார். குறுக்கே ஒரு சாண் அளந்தார், நெடுக்கே ஒரு சாண் அளந்தார். "தம்பி, முப்பது வருஷமா நான் கொடி ஏத்தியிருக்கேன். இது நம்ம கொடி இல்லப்பா" என்றார். சக்கரத்தின் அகலம் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போயிருந்தது. அன்று ராத்திரியே புதிதாக அடித்துக் கொடுத்தேன். அவர் சொன்ன அந்த வார்த்தை மட்டும் இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை.

நிறமும் சின்னமும் சரியாக இருந்தால் கொடி சரி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நீள உயர விகிதமும் கொடியின் ஒரு பகுதி. அதை மாற்றினால் வேறு ஒரு கொடியை வரைந்துவிட்டோம் என்றே அர்த்தம்.

எது முதலில், உயரமா நீளமா?

விகிதத்தைப் படிப்பதிலேயே முதல் குழப்பம் வந்துவிடுகிறது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை நிறைவேற்றிய தீர்மானம், கொடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 2:3 என்கிறது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடி விதித்தொகுப்போ நீளத்துக்கும் உயரத்துக்கும் 3:2 என்கிறது. இரண்டும் ஒன்றேதான், சொல்லும் வரிசை மட்டும் வேறு. உலக அளவில் கொடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தை முதலில் எழுதுவார்கள். இலங்கைக் கொடி 1:2, ஜெர்மனி 3:5, அமெரிக்கா 10:19 என்று பார்த்தால், சின்ன எண் கம்பத்தை ஒட்டிய உயரம், பெரிய எண் பறக்கும் நீளம் என்று எடுத்துக்கொள்ளலாம். நீளத்தைவிட உயரம் அதிகமாக உள்ள தேசியக் கொடி உலகில் ஒன்றே ஒன்றுதான், அது நேபாளத்தினுடையது. அதனால் வேறு எந்தக் கொடியாவது உங்கள் திரையில் நெட்டுக்குத்தலாக நின்றால், விகிதத்தைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள்.

சக்கரத்தின் கணக்கு

நம் கொடியிலேயே பலருக்கும் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. விதித்தொகுப்பு ஒன்பது அளவுகளைத் தருகிறது. பெரியது 6300 × 4200 மில்லிமீட்டர், சிறியது 150 × 100. ஒவ்வொரு அளவுக்கும் சக்கரத்தின் விட்டத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். 900 × 600 கொடியை எடுத்துக்கொள்வோம். மூன்று பட்டைகளும் சமம், ஆகவே வெள்ளைப் பட்டையின் உயரம் 200. சக்கரத்தின் விட்டம் 185. மேலே ஏழரை, கீழே ஏழரை மில்லிமீட்டர் வெள்ளை தெரிய வேண்டும். காவியையும் பச்சையையும் தொடுகிற மாதிரி சக்கரத்தை வரைவது தவறு என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

இப்போது மேசைமேல் வைக்கிற சின்னக் கொடிக்கு வாருங்கள். 150 × 100 கொடியில் வெள்ளைப் பட்டை 33 மில்லிமீட்டர் சொச்சம், சக்கரம் 25. பெரிய கொடியில் பட்டையின் உயரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கை அடைத்த சக்கரம், இங்கே முக்கால் பங்கோடு நின்றுவிடுகிறது. பெரிய கொடியின் படத்தை அப்படியே சுருக்கினால் மேசைக்கொடி கிடைத்துவிடும் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கிடைக்காது. அந்தந்த அளவுக்கு உரிய விட்டத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

ஆரங்கள் 24. அதாவது 15 பாகைக்கு ஒன்று. இணையத்தில் கிடைக்கிற எட்டு ஆரம், பன்னிரண்டு ஆரம் உள்ள சக்கரப் படங்களை எடுத்து ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறம் கருநீலம். அச்சில் நீலம் குறைந்து கறுப்பாக வந்துவிடும், ஒரு மாதிரித் தாள் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. 1931இல் காங்கிரஸ் ஏற்ற கொடியில் இந்த இடத்தில் இராட்டை இருந்தது. அதை நடுவில் வரைந்தால் ஒரு ஓரத்தில் சக்கரமும் மறு ஓரத்தில் கதிரும் வரும். பின்பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது இடவலம் மாறித் தெரியும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதை நேரு சபையிலேயே விளக்கினார். அந்த ஒரு காரணத்தை நினைத்துப் பார்த்தால்கூடப் போதும், முட்டை வடிவச் சக்கரம் ஏன் உறுத்துகிறது என்று புரிந்துவிடும்.

கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிடுவதும் இந்த இடத்தில் சொல்ல வேண்டியதுதான். பார்க்கிறவருக்கு இடது பக்கம் காவி வர வேண்டும். கணினியில் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் காவி வலது பக்கம் போய்விடும். எதிர்த்திசையில் திருப்புங்கள். அமெரிக்கக் கொடிக்கு வெறுமனே திருப்பினால் போதாது. நட்சத்திரக் கட்டம் எப்போதும் பார்ப்பவரின் இடது மேல் மூலையில் இருக்க வேண்டும் என்பதால், அதைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பிய பிறகு இடவலமும் மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாக் கொடியையும் ஒரே பெட்டியில் அடைப்பது

பள்ளிகளில் உலக நாடுகள் தினம் என்று தோரணம் கட்டுவார்கள். ஒரே அளவுத் தாள், ஒரே அளவுச் சதுரங்கம் மாதிரி கட்டங்கள், அதில் நாற்பது கொடி. கடைகளும் அப்படித்தான் கேட்கும். இந்த இடத்தில்தான் அதிகமான கொடிகள் உருமாறுகின்றன.

சுவிட்சர்லாந்துக் கொடி சதுரம். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன்னால் பறக்கும் நீண்ட வரிசையிலும் அது சதுரமாகவே பறக்கிறது. சிலுவையிலும் கணக்கு உண்டு. அதன் ஒவ்வொரு கையும் தன் அகலத்தைவிட ஆறில் ஒரு பங்கு நீளம் என்று 1889இலேயே தீர்மானித்துவிட்டார்கள். ஐந்து சமசதுரங்களை அடுக்கி வரைந்தால் அந்தச் சிலுவை வராது. வாடிகன் கொடியும் சதுரம்தான். நேபாளக் கொடியை நீள்சதுரப் பெட்டியில் வைத்து, மிச்ச இடத்தில் வெள்ளை பூசி, அந்த வெள்ளையையும் கொடி போல வெட்டிவிடுகிறார்கள். அந்தக் கொடியை எப்படி வரைவது என்று கோடு கோடாகச் சொல்லும் வடிவியல் குறிப்பே நேபாள அரசியலமைப்பில் இருக்கிறது. அவ்வளவு அக்கறையோடு ஒரு நாடு எழுதிவைத்ததை நாம் ஒரு வெள்ளைப் பெட்டியில் தொலைத்துவிடக் கூடாது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்குப் பரிச்சயமான இரண்டு கொடிகள் கத்தார், பஹ்ரைன். இரண்டிலும் கம்பப் பக்கம் வெள்ளை, நடுவே அரம்பப்பல் விளிம்பு. கத்தாரில் வெள்ளைப் பற்கள் ஒன்பது, நிறம் மெரூன், விகிதம் 11:28. உயரத்தைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலான நீளம். பஹ்ரைனில் பற்கள் ஐந்து, நிறம் சிவப்பு, விகிதம் 3:5. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து, மெரூனையும் கொஞ்சம் வெளுப்பாக அச்சடித்துவிட்டால், அப்புறம் பல்லை எண்ணித்தான் நாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தோனேசியா, மொனாக்கோ இரண்டும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. ஒன்று 2:3, மற்றது 4:5. விகிதத்தை எடுத்துவிட்டால் இரண்டையும் பிரித்துக் காட்ட அனேகமாக எதுவுமே மிஞ்சாது. தலைகீழாக்கினால் போலந்து. 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியின் கையேட்டில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகிப் பெரிய பிரச்சினையானது. மலேசிய அமைச்சர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

சரி, பல கொடிகளை ஒரே வரிசையில் வைத்தாக வேண்டும் என்றால் என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் உயரத்தை மட்டும் சமமாக்குங்கள், நீளத்தை அதனதன் விகிதத்துக்கு விடுங்கள். வரிசை கொஞ்சம் ஏற்ற இறக்கமாகத்தான் தெரியும், தெரியட்டும். கட்டாயம் ஒரே அளவு வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக நின்றால், படத்தை இழுக்காமல் பட்டைகளை மட்டும் நீட்டி, சின்னத்தின் வடிவம் கெடாமல் திரும்ப வரையுங்கள். நேரம் பிடிக்கும், ஆனாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

நடுவில் வைக்கும் பழக்கம்

டிசைன் மென்பொருளில் பழகிய கைக்கு எதையும் நடுவில் நிறுத்தாமல் இருக்க முடியாது. வங்கதேசக் கொடியை அந்தக் கை கெடுத்துவிடும். அதன் விகிதம் 3:5. ஒரு மீட்டர் நீளக் கொடி என்றால் உயரம் 60 சென்டிமீட்டர், சிவப்பு வட்டத்தின் ஆரை 20 சென்டிமீட்டர். வட்டத்தின் மையமோ கம்பத்திலிருந்து 45 சென்டிமீட்டரில் இருக்கிறது, 50இல் இல்லை. காற்றில் பறக்கும்போது வட்டம் நடுவில் இருப்பதுபோலத் தோன்ற வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே தள்ளி வைத்தது அது. பழைய கோப்பைத் திறந்து, யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்து நடுவுக்குக் கொண்டுவருகிறவர்கள்தான் உண்மையில் தவறு செய்கிறார்கள். ஜப்பான் இதற்கு மறுதலை. அங்கேயும் பழைய விதிப்படி வட்டம் கம்பப் பக்கம் நூறில் ஒரு பங்கு தள்ளி இருந்தது, கொடியும் 7:10. 1999இல் வந்த சட்டம் கொடியை 2:3 ஆக்கி, வட்டத்தைச் சரியாக நடுவில் வைத்தது. டென்மார்க், சுவீடன் போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் கொடியில் உள்ள சிலுவைகளும் கம்பப் பக்கமாகவே நிற்கும்.

பட்டைகளிலும் இதே பழக்கம் வேலை செய்கிறது. மூன்று நிறம் என்றால் மூன்று சம பங்கு என்று கை போய்விடும். ஸ்பெயினில் நடுப் பட்டை இரட்டிப்பு. கொலம்பியாவில் மஞ்சள் மட்டுமே பாதிக் கொடி. இலங்கைக் கொடியில் கம்பத்தை ஒட்டிப் பச்சை, அடுத்து செம்மஞ்சள், பிறகே வாளேந்திய சிங்கம். முஸ்லிம்களையும் தமிழர்களையும் குறிக்கும் இந்த இரண்டு பட்டைகளையும் இடம் மாற்றிப் போடுவதை நான் பல அழைப்பிதழ்களில் பார்த்திருக்கிறேன்.

பெயரும் கோப்பும்

யூனியன் ஜாக் என்று நாம் சொல்லும் கொடிக்கு இங்கிலாந்துக் கொடி என்று தலைப்பு வைப்பது தமிழில் ஊறிப்போன பழக்கம். அது ஐக்கிய ராச்சியத்தின் கொடி. இங்கிலாந்துக்கு வெள்ளையில் சிவப்புச் சிலுவை மட்டும்தான். கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்து ரசிகர்கள் கையில் இருப்பது அதுதான். மேற்கிந்தியத் தீவுகள் என்று ஒரு நாடே கிடையாது, அந்த அணியோடு பறப்பது கிரிக்கெட் அமைப்பின் கொடி. உலக நாடுகள் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டாம்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் இன்னொரு சிக்கல். நாடுகளுக்கு ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு தரும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று, ஒலிம்பிக்கில் பயன்படும் குறியீடு வேறு. ஜெர்மனி ஒன்றில் டி.இ.யு., மற்றதில் ஜி.இ.ஆர். இலங்கை ஒன்றில் எல்.கே.ஏ., மற்றதில் எஸ்.ஆர்.ஐ. ஒரே தொகுப்பில் இரண்டையும் கலந்தால் ஏதாவது ஒரு கொடி கிடைக்காமல் போகும், அல்லது தவறானது வந்து உட்காரும். தொகுப்பைத் தொடங்கும் முன்பே எந்த முறை என்று முடிவு செய்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது மொழிக் குறியீட்டை நாட்டுக் குறியீடாக எடுத்துக்கொள்வது. நாடுகளுக்கு இரண்டெழுத்துக் குறியீடும் உண்டு, மொழிக் குறியீடும் இரண்டு எழுத்து என்பதால் நிரலில் இது எளிதாக நடந்துவிடும். சிங்களத்தின் மொழிக் குறியீடு எஸ்.ஐ., அந்த எழுத்துகள் நாட்டுப் பட்டியலில் ஸ்லோவேனியா. மலையாளத்தின் எம்.எல். அங்கே மாலி. கன்னடத்தின் கே.என். செயின்ட் கிட்ஸ் நெவிஸ். வங்காளத்தின் பி.என். புரூனே. மொழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மலையாளத்துக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாலியின் கொடி தெரிந்தால் காரணம் இதுதான்.

தமிழுக்கு என்ன கொடி போடுவது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தமிழின் டி.ஏ. குறியீட்டில் எந்த நாடும் இல்லாததால் கட்டம் காலியாக வரும், அதை நிரப்பத்தான் கேட்பார்கள். இந்தியக் கொடி போட்டால் யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பொருந்தாது. இலங்கைக் கொடியோ சிங்கப்பூர்க் கொடியோ போட்டால் மதுரைக்காரர் தன் மொழியைத் தேடிக்கொண்டிருப்பார். மூன்று நாடுகளிலும் அரசு அங்கீகாரம் உள்ள மொழி இது. கொடியை எடுத்துவிட்டு அந்தக் கட்டத்தில் 'தமிழ்' என்றே எழுதிவிடுங்கள், மலையாளத்துக்கு மலையாள எழுத்திலும் சிங்களத்துக்குச் சிங்கள எழுத்திலும்.